எட்டுக் கோர் பிராசசரும் என் ஓரகத்தியும்

ஓரகத்திகள் சண்டை போட்டுக்கொள்ள உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. நகை இருக்கிறது, துணிமணி இருக்கிறது, யார் சமையலில் உப்பு கூடியது என்ற தீராத வழக்கு இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு பிராசசருக்காகச் சண்டை போட்டோம். நாங்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. சண்டை போட்டது நான் மட்டும்தான். அவள் "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த "சரி அக்கா" எனக்கு இன்னும் வயிற்றில் எரிகிறது.

எங்கள் வீட்டில் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். கீழே என் மாமியார், என் கொழுந்தன், அவன் பெண்டாட்டி. அவளை எல்லோரும் சின்னவள் என்பார்கள். அவள் வந்த அன்றைக்குத்தான் நான் பெரியவள் ஆனேன். அதற்கு முன்னால் எனக்கு வேறு பெயர் இருந்தது. இஞ்சினியர்.

படித்து வாங்கிய பட்டம் இல்லை அது. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒரு நாள் டிவி படுத்துவிட்டது. நான் பின்னால் கையை விட்டு இரண்டு ஒயரை மாற்றிச் செருகினேன், வந்துவிட்டது. அத்தை அப்படியே திகைத்துப்போய், "அட, நம்ம வீட்டுக்கு இஞ்சினியர் வந்திருக்காடா!" என்றார். அன்று முதல் போன் மக்கர் செய்தால் நான், வைஃபை போனால் நான், பக்கத்து வீட்டு பிரிண்டர் பேப்பரைத் தின்றால்கூட நான். நானும் வேலை முடிந்து வந்த களைப்போடு மேசைக்கடியில் தவழ்வேன். சலித்துக்கொள்வேன், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

அந்தப் பெயருக்குத்தான் சின்னவள் ரூபத்தில் வந்தது வினை. டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். கல்யாணமாகி வரும்போது பெட்டி படுக்கையோடு தானே கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரம் முழுக்கக் கலர் விளக்கு எரியும். சாயங்காலமானால் அதில் உட்கார்ந்து படபடவென்று யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பாள். பொம்பளைப் பிள்ளை துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறாளே என்று அத்தை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தையோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான் பாரு" என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தையின் போனில் இடம் தீர்ந்தது. மாமா உயிரோடு இருந்தபோது எடுத்தது, அவர் கொஞ்சுகிற பேரக்குழந்தைகளான என் நாத்தனார் பிள்ளைகளின் வீடியோக்கள், எல்லாம் பிதுங்கி வழிந்தன. ஒன்றை அழி என்றால் உயிரை எடு என்றதுபோல் பார்ப்பார். நான்தான் யோசனை சொன்னேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யோசனை என்னுடையது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வீட்டுக்கு ஒரு சர்வர் வெச்சுடலாம் அத்தை" என்றேன்.

அத்தை கையை உதறினார். "சர்வரா? எதுக்கும்மா? அவங்கவங்க தட்டை அவங்கவங்கதானே எடுத்து வெச்சுக்கறோம்?"

அத்தை பல வருஷம் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தியவர். அவருக்கு சர்வர் என்றால் தோளில் துண்டு போட்டுப் பரிமாறுகிற ஆள்தான். கொழுந்தனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் பொறுமையாக விளக்கினேன். சேமிப்பு, நெட்வொர்க், பேக்கப் என்று வேலையிடத்தில் பேசுகிற அத்தனையும் சொன்னேன். அத்தை தலையை ஆட்டினார், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

சின்னவள் குறுக்கே வந்தாள். "நீங்க சொன்ன சர்வர்தான் அத்தை. அலமாரிக்குள்ள நின்னுட்டிருப்பான். நீங்க ரூம்ல இருந்து இந்த வீடியோ வேணும்னு கேட்டா எடுத்துட்டு வந்து வெப்பான். அதே நேரம் மாடியில அக்கா ஒண்ணு கேட்டா அவங்களுக்கும் வெப்பான்."

"அவ்ளோதானா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று அத்தை என்னைப் பார்த்தார். என் காதுகள் இரண்டும் புகைந்தன.

அப்புறம் எந்தப் பிராசசர் என்று பேச்சு வந்தது. அதுதான் சர்வருக்கு மூளை மாதிரி. எட்டுக் கோர் உள்ளது, வேகத்தில் பேய், அதை வாங்கலாம் என்றேன் நான். கோர் என்றால் என்ன என்று அத்தை கேட்டார், என்னிடம் இல்லை, சின்னவளிடம். "ஒரு கோர்னா ஒரு சர்வர் ஆள் அத்தை" என்றாள் அவள்.

"எட்டு ஆளா?" அத்தைக்கு மூக்கு விடைத்தது. "நான் ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு பேரை வெச்சு மொத்தக் கூட்டத்தையும் சமாளிச்சவ. நம்ம வீட்ல எத்தனை பந்தி ஓடுது? எட்டுப் பேரும் சுவத்துல சாஞ்சு நிப்பானுங்க. சும்மா நிக்கறவன்தான்டி அதிகமா தின்பான்."

"அதேதான் அத்தை!" என்று சின்னவள் துள்ளினாள். "இது பகல் ராத்திரி ஓடற மெஷின். பாதி நேரம் சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கறப்ப கரண்டு குடிக்காததா பாக்கணும். சின்ன பிராசசர் போதும் அக்கா. வீடியோவை டிவிக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுக்கற பகுதி அதுக்குள்ளயே இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருக்கறதே அதுதான். சொக்கத் தங்கம்."

அவள் சொன்னது சரி. எனக்கே தெரிந்தது, அது சரி என்று. ஆனால் "என் கம்ப்யூட்டர்ல இருக்கறதே அதுதான்" என்றாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. அப்படியானால் வீட்டுக்கு வருவது அவள் கம்ப்யூட்டரின் தம்பி. நாளைக்கு அத்தை ஒவ்வொரு முறையும், "சின்னவ சொன்ன மெஷின் என்னமா ஓடுது" என்பார். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"விளையாட்டு கம்ப்யூட்டர் கட்டறது வேற, சர்வர் வேற" என்றேன். "நான் தினமும் இதுலயே புழங்கறவ. என் பேச்சுக்கு இந்த வீட்ல மரியாதை இல்லைன்னா நீங்களே பாத்துக்கோங்க." தட்டை ஓசைப்பட வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பார்.

அத்தை பெருமூச்சு விட்டார். "சரிம்மா, உன் இஷ்டம். நீதானே நம்ம இஞ்சினியர்."

"சரி அக்கா" என்றாள் சின்னவள். முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் என்னவாம்?

கடைக்கு நானே போனேன். கூட வரட்டுமா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "மேடம், இது கடைசியில எஃப் போட்டது. தெரியும்ல?" என்றார். நம்பருக்குப் பின்னால் எஃப் என்று ஓர் எழுத்து இருந்தது. பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். எனக்கென்ன தெரியாதென்று இவர் கேட்கிறார் என்று சுள்ளென்று வந்தது. "தெரியாமலா கேக்கறேன், பில் போடுங்க" என்றேன். எஃப் என்றால் ஃபாஸ்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். வீடே சுற்றி உட்கார்ந்திருந்தது. பிராசசரை அதன் குழியில் பதமாக உட்காரவைத்து, மேலே சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, விசிறியைப் பூட்டி, எல்லா ஒயரையும் மாட்டினேன். வேலை சுத்தம். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

மறுபடி அழுத்தினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். மெமரியைக் கழற்றி மாட்டினேன். இருட்டு இருட்டாகவே இருந்தது. "என்னம்மா, வரலையா?" என்றார் அத்தை. "வரும் அத்தை" என்றேன். முதுகில் வியர்வை ஓடியது. கொழுந்தன், "கடைக்காரன் ஏமாத்திட்டானா அண்ணி?" என்று எண்ணெய் ஊற்றினான்.

சின்னவள் எழுந்து வந்தாள். என் பக்கத்தில் கிடந்த காலி டப்பாவைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு டப்பாவைக் காலால் மெதுவாகச் சோபாவுக்கு அடியில் தள்ளினாள். அந்த நொடியில் எனக்கும் உறைத்தது. எஃப் என்றால் படம் காட்டும் பகுதி இல்லாதது. என் சென்டரில் எல்லா மெஷினிலும் அதற்கென்று தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். அதனால் பிராசசருக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று நான் வாழ்க்கையில் யோசித்ததே இல்லை. இந்த மெஷினில் கார்டும் கிடையாது, பிராசசருக்கும் கண் கிடையாது. எங்கிருந்து படம் வரும்?

"கேபிள்தான் அக்கா சரியில்லை, என்கிட்ட நல்லது இருக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டு அவள் தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டுக்குள்ளிருந்து தன் கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து என் மெஷினில் செருகினாள். "இப்ப அழுத்துங்க அக்கா" என்றாள். திரை பளிச்சென்று வந்தது.

"எங்க இஞ்சினியர்னா கொக்கா!" என்று அத்தை கையைத் தட்டினார்.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஆசை தீர வெறுத்திருப்பேன். பாவி மகள் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். "அப்புறம் பாத்துக்கலாம் அக்கா" என்று என் காதில் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் சர்வரை வைத்தோம். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக ஓடியது. அத்தை டிவியில் வீடியோ பார்ப்பார், நான் மாடியில் பாட்டுக் கேட்பேன், ஒரு தடங்கல் இல்லை. முதல் வாரம் விசிறி கொஞ்சம் இரைந்தது, அலமாரிக் கதவைத் தொட்டால் சுட்டது. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. "புது மெஷின் பழகற வரைக்கும் அப்படித்தான் அத்தை இருக்கும்" என்றேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலமாரியைத் திறந்து காட்டுவேன். "எட்டுக் கோர். சத்தம் வருதா பாருங்க. தொட்டுப் பாருங்க, சூடு இருக்கா? எதை வாங்கணும்னு தெரிஞ்சு வாங்கணும்." சின்னவள் பக்கத்தில் நின்று, "ஆமா, அக்கா செலக்‌ஷன்" என்பாள்.

மெஷினின் விவரமெல்லாம் காட்டும் பக்கம் ஒன்று உண்டு, என் லேப்டாப்பிலேயே திறக்கலாம். நான் திறப்பதே இல்லை. திறந்தால் முதல் வரியிலேயே பிராசசர் நம்பர், அதன் வாலில் அந்த எஃப். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

இதற்கிடையில் கீழே அவள் அறையிலிருந்து மறுபடியும் படபடவென்று சுடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கார்டைத்தான் என் மெஷினில் செருகிவிட்டாளே, எப்படி விளையாடுகிறாள்? கொழுந்தனைக் கேட்டேன். "இப்ப இவ கம்ப்யூட்டர் பறக்குது அண்ணி! முன்ன மாதிரி திக்கறதே இல்ல" என்றான். ஓகோ, புருஷன் புதுக் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு மவுஸ் வாங்கித் தந்ததில்லை. அன்றைக்கு அவர் ஒரு காரணமும் தெரியாமல் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "நான் என்னடி பண்ணினேன்?" என்று பரிதாபமாகக் கேட்டார். அதைத்தானே நானும் சொல்கிறேன், ஒன்றும் பண்ணவில்லை!

புதுக் கார்டு வந்த பிறகும் அவளுடைய பழைய கார்டு என் சர்வருக்குள் இருந்தது. அதுதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. அத்தை பாராட்டும்போதெல்லாம், இதில் பாதி அவள் போட்ட பிச்சை என்று உள்ளே ஒரு குரல். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் முதலில் சொன்ன அந்தச் சின்ன பிராசசரையே ரகசியமாக வாங்குவது, எஃப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அதை மாட்டுவது, கார்டைக் கழற்றி அவள் மேசையில் வைத்து, "இந்தா, உன் சாமான்" என்று சொல்வது. அதற்கப்புறம் மெஷின் முழுக்க என்னுடையது. வேறொரு கடையில் வாங்கினேன். பழைய கடைக்காரர் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பு இல்லை.

சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்று எல்லோரும் கிளம்பிய ஒரு மத்தியானம், தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து கீழே வந்தேன். சர்வரை நிறுத்தி, அலமாரிக்குள்ளேயே குனிந்து மூடியைக் கழற்றினேன்.

கார்டு இல்லை.

அதைச் செருகியிருந்த இடம் காலியாக இருந்தது. பிறகு விசிறியைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, உள்ளே இருந்த பிராசசரின் நம்பரைப் பார்த்தேன். எட்டுக் கோர் இல்லை. எஃப்பும் இல்லை. அவள் சொக்கத் தங்கம் என்று சொன்ன அதே சின்னது. நான் கையில் வைத்திருந்த புதியதும் அதுவும் அச்சாக ஒன்று. இவ்வளவு நாள் என் சர்வரில் ஓடியது அவளுடைய பிராசசர். என்னுடைய எட்டுக் கோர் அவள் மேசைக்கடியில், அவளுடைய கார்டோடு சேர்ந்து பறந்துகொண்டிருக்கிறது. சூடு இருக்கா தொட்டுப் பாருங்க என்று ஊரையே கூட்டிக் காட்டினேனே! அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாளே அவள்!

"வீடியோ பாதியில நின்னு போச்சு" என்று பின்னால் குரல் கேட்டது. அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க போகலையா?"

"முட்டி வலி. போகலைன்னுட்டேன்." என் உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு பிராசசரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ஓ, பாத்துட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாம? சின்னவ இதை மாத்தறப்ப நாந்தானே டார்ச் பிடிச்சேன்." படியில் மெதுவாக உட்கார்ந்தார். "அலமாரி இப்படிச் சுடுதே, தீப்பிடிச்சுடுமோன்னு நாந்தான் அவகிட்டப் புலம்பினேன். ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போட்டா ரெண்டுமே நல்லா ஓடும்னா. உங்கிட்டச் சொல்லிடுன்னேன். வேண்டாம் அத்தை, அக்கா ஆசையா வாங்கினது, மனசு சங்கடப்படும்னுட்டா."

பிராசசர் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏமாந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த டார்ச்தான் நெஞ்சில் வந்து குத்தியது. இவர்கள் இருவரும் இந்த அலமாரிக்குள் தலையோடு தலை முட்டக் குனிந்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டு, ஒருத்தி கழற்ற ஒருத்தி வெளிச்சம் காட்டி... நான் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

"எனக்கு ஒரு நாளாவது டார்ச் பிடிச்சிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். குரல் உடைந்துவிட்டது. "எத்தனை வருஷமா இந்த வீட்ல மேசைக்கடியில கிடந்து உருண்டிருக்கேன்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது வந்து பக்கத்துல உக்காந்தீங்களா?"

அத்தை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கோபம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். "நீ எங்கம்மா விட்ட? பக்கத்துல வந்தாலே, தள்ளுங்க அத்தை, வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னுதானே சொல்லுவ? நானும் உனக்கு இடைஞ்சல் வேண்டாம்னு ஒதுங்கிட்டேன். சின்னவ எதைத் திறந்தாலும் முதல்ல என்னைத்தான் கூப்பிடுவா, அத்தை கொஞ்சம் வாங்களேன்னு."

இல்லை என்று சொல்ல ஒரு நாளையாவது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினேன். எதையாவது மாட்டி ஆக வேண்டும், அவர் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ பாதியில் நிற்கிறது. நான் வாங்கியதை அதன் டப்பாவில் போட்டுவிட்டு சின்னவளுடையதையே எடுத்தேன். பிராசசர் உட்காரும் குழிக்குள் முடி மாதிரி ஊசிகள் நிற்கும், ஒன்று வளைந்தாலும் மதர்போர்டே போச்சு. கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தேன். அத்தை படியிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருடைய நிழல் குழியின் மேல் விழுந்தது.

"தள்ளுங்க அத்தை, வெளிச்சம்..." என்றேன்.

அத்தை தள்ளி நின்றுகொண்டார்.